வட்டக்கோட்டையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை

அன்பு மாணவச் செல்வங்களே, உறவுகளே,

கண் ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதம் போனைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரம்தான் அனுமதி கிடைத்தது. சேர்த்து வைத்ததெல்லாம் இன்று வருகிறது, ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் இங்கேயும் விடலாம். நான் பார்க்கப் போவதில்லை.

சில மாதங்களாக உங்களில் மூன்று நான்கு பேர் வெவ்வேறு விதமாக ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "டீச்சர், ஞாயிறு தவறாம பூசைக்குப் போறேன், செபமாலை சொல்றேன். ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணும் வளர்ந்த மாதிரி தெரியல. நல்ல சீடனா வளர என்ன செய்யணும்?" கேட்டவர்களில் ஒருவன் வளைகுடாவில் இருக்கிறான். கூட்டாளி ஏமாற்றியதில் பத்து வருட உழைப்பை இழந்தவன். அவன் கேள்வியில் மட்டும் கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: "செபம் பண்ணியும் இப்படி ஆச்சே."

நான் சாமியார் அல்ல, உபதேசியாரும் அல்ல. முப்பத்து நாலு வருடம் சரித்திரம் நடத்தியவள். சரித்திர டீச்சரிடம் கேட்டால் தேதியோடுதான் பதில் வரும். நம் மண்ணில் ஒரு மனிதர் சீடராக வளர்ந்ததைத் தேதி போட்டுச் சொல்ல முடியும். அவரைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலரை நான் வட்டக்கோட்டைக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு வரிசையாக நடந்தது ஞாபகம் இருக்கும், கோட்டையைப் பற்றிச் சொன்னது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ! கன்னியாகுமரியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். கடலை ஒட்டிய கருங்கல் கோட்டை, கீழே கருமணல். மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் தென்னையும் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் குன்றுகள். இப்போது காற்றாலைகளும் தெரியும். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் இந்தக் கோட்டையைத் திருத்தி வலுப்படுத்தியவர் டி லனாய். இங்கிருந்து தொடங்கி ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் நீண்டதுதான் அன்றைய அரசின் தெற்கெல்லைக் காவல் அரண்.

டி லனாய் யார்? டச்சுக் கம்பெனியின் படைத்தலைவர். 1741 ஆகஸ்டில் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டவர். யாரிடம் தோற்றாரோ அதே மன்னருக்குப் படை பழக்கி, கோட்டைகள் கட்டி, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கி, 1777இல் இங்கேயே இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை இருக்கிறது. மனைவிக்கும், இளம் வயதில் போரில் இறந்த மகனுக்கும் அங்கேயே கல்லறை.

அவரோடு வேலை நிமித்தம் பழகியவர் பத்மநாபபுரம் அரண்மனை அலுவலர் ஒருவர். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை. ஆடுமாடு சாவு, பயிர் நட்டம், வீட்டில் அடுத்தடுத்து இழப்பு என்று அவர் முகம் வாடிக் கிடந்த நேரம். டி லனாய் விசாரித்தார். யோபுவின் கதையைச் சொன்னார். நம் மறைமாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி இது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் கேட்டவர்களுக்கான பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது.

தேவசகாயம் என்று பின்னால் பெயர் பெற்ற அந்த மனிதருக்கு விசுவாசம் முதலில் கோயிலில் கிடைக்கவில்லை. வேலை செய்யும் இடத்தில், மனம் உடைந்த ஒரு நாளில், கூட வேலை பார்த்தவர் வாயிலிருந்து கிடைத்தது. அந்தக் கூட வேலை பார்த்தவரும் நாட்டை இழந்து, தோற்றுப்போன கைதியாக வந்தவர். அவர் வாதம் செய்யவில்லை, கதை சொன்னார். குளச்சல் போர் 1741, திருமுழுக்கு 1745. நடுவில் இருந்த வருடங்களில் எத்தனை முறை பேசியிருப்பார்கள், எத்தனை கேள்வி கேட்டிருப்பார்! ஒரே நாளில் நடந்த காரியம் இல்லை.

ஆகவே முதல் காரியமாக நான் சொல்வது, உங்களுக்கு ஓர் ஆள் வேண்டும். யூடியூப்பில் பேசுகிற ஆள் போதாது. அவருக்கு உங்கள் முகம் வாடியிருப்பது தெரியாது. மாதம் ஒரு தடவையாவது நேரில் உட்கார்ந்தோ போனிலோ, "எப்படிப் போகுது? செபம் பண்றியா? வீட்ல கோபம் குறைஞ்சிருக்கா?" என்று உரிமையோடு கேட்கக்கூடிய ஒருவர். உங்களைவிடக் கொஞ்சம் முன்னால் நடந்தவராக இருந்தால் நல்லது. சாமியாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எனக்கு அப்படி ஒருவர் இருந்தார். எங்கள் தெருவில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு விதவை அக்கா. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, நான்தான் விவிலியத்தை வாசித்துக் காட்டுவேன். வாசித்து முடித்ததும் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான் ஒரு வாரம் அலைவேன்.

அடுத்தது வாசிப்பு. யோபுவின் கதை எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். முதல் இரண்டு அதிகாரமும் கடைசி அதிகாரமும் தெரியும், அவ்வளவுதான். மொத்தம் நாற்பத்திரண்டு அதிகாரம். நடுவில் இருப்பதெல்லாம் அந்த மனிதரின் முறையீடும் நண்பர்களின் பிரசங்கமும். நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வரை நன்றாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. "நீ ஏதோ பாவம் பண்ணியிருப்ப" என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கடைசியில் கடவுள் கோபப்படுவது யோபுவிடம் இல்லை, அந்த நண்பர்களிடம்.

வளைகுடாவில் இருக்கும் என் மகனே, இது உனக்கு. "செபம் பண்ணியும் இப்படி ஆச்சே" என்று நீ கேட்டது தவறான கேள்வி அல்ல. விவிலியத்தில் ஒரு முழுப் புத்தகமே அந்தக் கேள்விக்காக இருக்கிறது. நம் ஊர்ப் புனிதர் உள்ளே வந்த வாசலும் அதுதான். தினம் ஓர் அதிகாரம், காலையில் போனைத் தொடுவதற்கு முன்னால், சத்தமாக வாசி. நாற்பத்திரண்டு நாளில் முடியும். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடு. விளக்கம் தேடி உடனே ஓடாதே. முடித்துவிட்டு என்னைக் கூப்பிடு.

சரி, கதைக்கு வருகிறேன். திருவிதாங்கூருக்குள் திருமுழுக்குப் பெறுவது சிக்கல் என்பதால் டி லனாய் அவரை வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர். அங்கே இயேசு சபைக் குரு புத்தாரி சாமியார் 1745 மே 14 அன்று திருமுழுக்குக் கொடுத்தார். லாசர் என்ற பெயர், தமிழில் தேவசகாயம். வயது முப்பத்து மூன்று. நாற்பது வயதாகிவிட்டது, இனி என்ன மாறப்போகிறேன் என்று எனக்கு எழுதிய இரண்டு பேரும் இதைக் கவனிக்க வேண்டும். அவர் மனைவி பார்கவியும் பிறகு அதே ஊரில் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். வீட்டிலிருப்பவர்கள் நம் வேகத்திலேயே வரவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். மனைவி செபத்துக்கு உட்காரவில்லை என்று என்னிடம் புகார் சொன்ன பெருமகனே, முதலில் நீ இரவு பாத்திரத்தைக் கழுவிக் கொடு. அவளுக்கு உட்கார நேரம் கிடைக்கும்.

திருமுழுக்குக்குப் பிறகு நாலு வருடம்கூட அவர் வெளியில் இல்லை. 1749இல் கைது. அந்தக் கொஞ்ச காலத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான் சீடத்துவத்தின் நடைமுறைப் பாடம். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார். கடவுள் முன்னால் எல்லாரும் சமம் என்று போதித்தார். 2022இல் வத்திக்கான் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பிலும் இதைத்தான் தனியாக எடுத்துச் சொன்னார்கள், அதனால்தான் மேல்தட்டினரின் பகை வந்தது என்று. இதை மறுக்கும் வரலாற்றாளர்களும் இருக்கிறார்கள். மதம் மாறியதற்காக மரண தண்டனை கொடுக்கும் வழக்கம் திருவிதாங்கூரில் இல்லை, காரணம் வேறு அரசுக் குற்றம் என்பது அவர்கள் வாதம். சரித்திர டீச்சர் என்ற முறையில் அதையும் சொல்லிவைக்கிறேன். ஆனால் மூன்று நூற்றாண்டாகிறது, நம் பாட்டிமார் சொன்ன கதையில் அந்தச் சமபந்திதான் நடுவில் இருக்கிறது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். எருக்கம்பூ மாலை போட்டு எருமைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனது, அடித்தது, மிளகாய்ப்பொடி தேய்த்தது, பெருவிளையில் மரத்தில் கட்டிவைத்தது, புலியூர்குறிச்சியில் பாறையிலிருந்து தண்ணீர் வந்ததாகச் சொல்வது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம். கதை சொன்னவர் கட்டிய கோட்டை அரணின் இந்த முனையில், கதை கேட்டவர் விழுந்த மலை அந்த முனைப் பக்கம். வட்டக்கோட்டைச் சுவர்மேல் நின்று வடமேற்கே பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும்.

2012 டிசம்பர் 2 நாகர்கோவிலில் அருளாளர் பட்டம். 2022 மே 15 ரோமில் போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் கொடுத்தார். இந்தியாவிலிருந்து புனிதரான முதல் பொதுநிலையினர். அந்த அறிவிப்பில் பெயரோடு சாதிப் பட்டம் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? பலர் முறையிட்டதன் பேரில் 'பிள்ளை' விடப்பட்டது. எனக்கு அன்று ரொம்ப சந்தோஷம்.

ஆனால் அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னால் என்ன நடந்தது தெரியுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே எழுந்த கோயிலில், ஒரு சாதியார் ஒரு பக்கம், மற்றவர்கள் மறுபக்கம். கால்சட்டையின் இரண்டு கால்போல இரண்டு நடை, இரண்டும் சேரும் இடத்தில் பீடம். நடுவில் தடுப்பு. 1910இல் கௌசானல் சாமியார் காலத்தில்தான் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. இடித்ததற்குக் கோர்ட்டு வழக்கு! சமம் என்று சொன்னவர் ஞானஸ்நானம் வாங்கிய ஊரில், அவர் செத்து நூற்றைம்பது வருடம் கழித்தும்.

நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? எங்கள் பாட்டி தினமும் மூன்று செபமாலை சொல்வார். தவக்காலம் முழுக்க மீன் தொடமாட்டார். ஆனால் பனையேறி வருபவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுக்கத் தொழுவத்து ஓட்டில் ஒரு சிரட்டை செருகியிருக்கும். அம்மை கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடம் அந்தச் சிரட்டையை அடுப்பில் போட்டுவிட்டு, வீட்டுத் தம்ளரில் காப்பியைக் கொடுத்தார். பாட்டி எட்டு நாள் அம்மையோடு பேசவில்லை. அம்மை யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை, மறுநாளும் அதே தம்ளரில் கொடுத்தார். அம்மைக்கு ஐந்தாம் வகுப்புதான் படிப்பு. விசுவாசத்தில் வளர்வது என்றால் எனக்கு அந்தத் தம்ளர்தான் கண்ணில் வரும்.

இன்று தம்ளர் மாறிவிட்டது, உண்மைதான். இன்னொரு இடத்தில் ஒளிந்திருக்கிறது. நம் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளையின் கல்யாணப் பேச்சு நின்று போய் ஆறு மாதம் ஆகிறது. பையன் நல்லவன், படித்தவன், நம் பங்குக் கோயிலிலேயே பாடகர் குழுவில் பாடுகிறவன். ஒரே அப்பத்தை இரண்டு பேரும் வாங்குகிறார்கள். நின்றதற்குக் காரணம் என்ன என்பது இதை வாசிக்கும் என் உறவுகளுக்குத் தெரியும். நேரில் சொன்னபோது, "நீ ரிட்டயர் ஆனவ, உனக்கென்ன, நாங்கல்லா ஊருக்குப் பதில் சொல்லணும்" என்றார் என் அண்ணன். அண்ணே, காற்றாடிமலைக்கு வருடாவருடம் வேன் பிடித்துப் போகிறோம். அந்த மனிதர் ஊருக்குப் பதில் சொல்லாமலா செத்தார்? கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அந்தப் பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள், எனக்கு அதுதான் பெரிது.

மாணவர்களே, குடும்ப விஷயத்தைப் பொதுவில் எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் இதே விஷயம்தான். எத்தனை தியானம் போனாலும் இந்த ஓர் இடத்தில் தடுப்புச்சுவர் இருந்தால் அதற்கு மேல் வளர்ச்சி இல்லை.

மன்னிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏமாற்றிய கூட்டாளியை எப்படி மன்னிப்பது? ஒரே நாளில் முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. நான் ஓய்வு பெற்றபோது ஓர் அலுவலகத்தில் என் பென்ஷன் கோப்பை ஒருவர் நகர்த்தவே இல்லை. அவர் எதிர்பார்த்தது என்ன என்பது மேசையைப் பார்த்தாலே தெரிந்தது. நான் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை தோறும் பஸ் ஏறிப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். இரவு செபத்தில் அவர் பெயரை மட்டும் சொல்வேன். "நல்லா இருக்கட்டும்" என்று சொல்ல வாய் வரவில்லை, ஆகவே வெறும் பெயர். நாலு மாதம் கழித்து ஒருநாள் அவர் மருந்துச் சீட்டோடு உட்கார்ந்திருந்தார், மனைவிக்கு டயாலிசிஸ். அன்று இரவுதான் பெயரோடு இன்னும் இரண்டு வார்த்தை வந்தது. கோப்பு பதினோராம் மாதம் நகர்ந்தது. அவர்மேல் எனக்குப் பிரியம் ஒன்றும் வரவில்லை. வெறுப்பு போய்விட்டது, அவ்வளவுதான். கூட்டாளியின்மேல் வழக்குப் போட வேண்டுமானால் போடு, மகனே. மன்னிப்பும் வழக்கும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. பெயரை மட்டும் தினம் சொல்.

காசு விஷயம் சுருக்கமாக. அம்மை உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துப் பிடியரிசிப் பானையில் போடுவார். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி குறையாது. நம் கை சின்னதாகிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்வார். சம்பளம் வந்த அன்றே ஒரு பிடியை எடுத்து வையுங்கள், மாதக் கடைசியில் மிச்சம் பார்த்துக் கொடுக்கலாம் என்றால் மிச்சமே இருக்காது. யாருக்குக் கொடுத்தோம் என்று ஸ்டேட்டஸ் போட வேண்டாம்.

ஊரில் இருப்பவர்கள் அன்பியக் கூட்டத்துக்குப் போங்கள். ஒரே ஆளே முக்கால் மணி நேரம் பேசுகிறார் என்ற உங்கள் குறை எனக்கும் உண்டு. அப்படியும் போங்கள். எந்த வீட்டுக் காப்பியைக் குடிக்காமல் யார் நழுவுகிறார்கள் என்று பாருங்கள். அந்த வீட்டில் இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேராவது சேர்ந்து வாரம் ஒருமுறை போனிலேயே வாசிக்கலாம்.

கடைசியாக ஒரு வீட்டுச் செய்தி. வருகிற மாதம் இரண்டாம் சனிக்கிழமை என் தம்பி மகன் புது வீடு மந்திரிப்பு. எல்லாரையும் நேரில் வந்து அழைக்கக் கண் டாக்டர் விடவில்லை, இதையே அழைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தனார், சித்தாள், தச்சர், கிணறு தோண்டியவர்கள், பனையேறுபவர் பேரன், பாடகர் குழு எல்லாரையும் அழைத்திருக்கிறது. மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பந்தி. ஒரே பந்திதான், யாரும் முதல் பந்தி இரண்டாம் பந்தி என்று கேட்க வேண்டாம். இலை போட்டு ஆள் உட்காரவைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அண்ணே, உங்களுக்கு அந்தப் பையன் பக்கத்தில்தான் இலை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்